1900-கள்ல நியூயார்க்: வர்றவங்க எல்லாரும் கேக்கற அதே கேள்விகள்

நான் இருக்கறது நியூஜெர்சி பக்கம். ஊர்ல இருந்து யார் வந்தாலும் டைம்ஸ் ஸ்கொயர், லிபர்ட்டி சிலை எல்லாம் காட்டி முடிச்ச அப்புறம் ஒரு நாள் லோயர் ஈஸ்ட் சைடுல (நியூயார்க்கோட நடுப்பகுதியான மன்ஹாட்டன் தீவுல, வெளிநாட்டுல இருந்து வந்த ஏழைங்க குடியிருந்த பழைய ஏரியா) நடக்க வெச்சுடுவேன். பழைய செங்கல் கட்டடம், வெளிய தொங்கற இரும்புப் படி, கூரை மேல மரத்தொட்டி, இதையெல்லாம் பாத்துட்டு சித்தப்பால இருந்து ஆஃபீஸ் ஃப்ரெண்டு வரைக்கும் கேக்கறது அதே கேள்விங்கதான். வாட்ஸப்ல பதில் டைப் பண்ணிப் பண்ணி கை வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். நான் பேசறது பெரும்பாலும் 1900ல இருந்து 1916 வரைக்கும் உள்ள மன்ஹாட்டன் பத்தி.

டெனமென்ட் டெனமென்ட்னு சொல்றியே, அப்படின்னா என்ன? நம்ம ஃப்ளாட் மாதிரியா?

நம்ம பாஷையில சொல்லணும்னா ஒண்டுக் குடித்தனம், ஆனா அஞ்சாறு மாடி உசரத்துக்கு. 1867ல வந்த சட்டம் கொடுத்த அர்த்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மூணு குடும்பத்துக்கு மேல, தனித்தனியா சமைச்சு வாழற வாடகைக் கட்டடம். அதாவது அடுப்பை எண்ணித்தான் கணக்கு.

பொதுவா ஒரு மாடிக்கு நாலு வீடு, லிஃப்ட் கிடையாது. இப்போ மியூசியமா இருக்கற 97 ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட்ல ஒரு வீடு சுமார் 325 சதுர அடி, அதுக்குள்ள முன் ரூம், கிச்சன், ஒரு குட்டி பெட்ரூம். இதுல அப்பா அம்மா, நாலஞ்சு பிள்ளைங்க, சில சமயம் வாடகையைச் சமாளிக்க காசு கொடுத்துத் தங்கற ஒரு ஆளு வேற. 1900 வாக்குல நியூயார்க் முழுக்க இந்த மாதிரி 80,000க்கு மேல கட்டடம் இருந்துச்சு, ஊர்ல மூணுல ரெண்டு பேர் இதுலதான் இருந்தாங்க.

எல்லா வீடும் ஏன் இவ்ளோ ஒல்லியா, நீளமா ரயில் பெட்டி மாதிரி இருக்கு?

இதுக்குப் பதில் புரிஞ்சா மீதி பாதி கேள்விக்குப் பதில் தானா வந்துடும், அதனால இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. மனை சைஸ் 25 அடிக்கு 100 அடி. 2500 சதுர அடி, நம்ம கணக்குல ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல. 1811ல மன்ஹாட்டனுக்கு கட்டம் போட்ட மாதிரி ரோடு பிளான் பண்ணாங்க, அந்தக் கட்டங்களை இந்த சைஸுக்குத் துண்டு போட்டு வித்தாங்க. ஒரு குடும்பம் வீடு கட்டி, பின்னாடி கொஞ்சம் தோட்டம் வெச்சுக்கறதுக்கு இது தாராளம்.

ஆனா அப்புறம் கப்பல் கப்பலா ஜனம் வந்து இறங்குச்சு (குடியேற வர்றவங்களைச் சோதிச்சு உள்ள விட்ட எல்லிஸ் தீவு வழியா 1907ல மட்டும் 10 லட்சம் பேர்), மனைக்காரன் அதே ஒரு கிரவுண்டுல இருவது குடும்பத்தை அடைச்சான். ரெண்டு பக்கமும் பக்கத்துக் கட்டடத்தோட சுவர் ஒட்டி நிக்குது, அப்போ ஜன்னல் வெக்க முடியறது முன்னாடியும் பின்னாடியும் மட்டும்தான், நடுவுல இருக்கற ரூம் எல்லாம் பகல்லயே கும்மிருட்டு. ஒரு ரூம் வழியா அடுத்த ரூம், அது வழியா அதுக்கடுத்த ரூம்னு போகணும், அதனாலதான் இதுக்கு ரயில்ரோடு ஃப்ளாட்னே பேரு.

ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஒரு குழி மாதிரி விட்டிருக்காங்களே, அது என்ன?

அது வெளிச்சத்துக்கும் காத்துக்கும் விட்ட வழியாம்! 1879ல ஒரு சட்டம் வந்துச்சு, ஒவ்வொரு ரூமுக்கும் வெளிக்காத்து வர்ற ஜன்னல் வேணும்னு. அதே வருஷம் ஒரு பத்திரிகை, 25க்கு 100 மனையில நல்ல டெனமென்ட் எப்படிக் கட்டறதுன்னு போட்டி வெச்சுது, ஜேம்ஸ் வேர்னு ஒரு ஆர்க்கிடெக்ட் ஜெயிச்சாரு. கட்டடத்தோட நடு இடுப்பை மட்டும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் உள்ள தள்ளிட்டாரு, மேல இருந்து பாத்தா ஜிம்ல தூக்கற டம்பெல் மாதிரி இருக்கும், பேரும் டம்பெல் டெனமென்ட்தான். ஒரு கட்டடம் விடற இடம் சுமார் 28 இஞ்ச், பக்கத்துக் கட்டடமும் அதே மாதிரி விட்டா ரெண்டும் சேந்து அஞ்சடி கூட வராது.

அஞ்சாறு மாடி ஆழத்துல அஞ்சடி கூட இல்லாத சந்துல என்ன வெளிச்சம் வரும் சொல்லுங்க. குப்பையைக் கீழ எறிஞ்சா திரும்பி எடுக்க ஆளு போக முடியாது, நாத்தம் மேல வரும், எதிர் வீட்டு சண்டை அப்படியே கேக்கும், தீப்பிடிச்சா அந்தக் குழியே புகைபோக்கி மாதிரி நெருப்பை மாடிக்கு மாடி இழுத்துட்டுப் போயிடும். எங்கம்மா அதை எட்டிப் பாத்துட்டு சொன்னது, "எதிர் வீட்டுல இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேக்கவே வேணாம் போல". ஃபோன்ல மேப்பைத் திறந்து சாட்டிலைட் வியூ போட்டு ஆர்ச்சர்ட், எல்ட்ரிட்ஜ் தெருப் பக்கம் ஜூம் பண்ணுங்க, வரிசையா கூரையில கடிச்ச மாதிரி பள்ளம் தெரியும், அதுதான் இது.

பாத்ரூமே காணோமே, குளிக்கவே மாட்டாங்களா?

டாய்லெட் முதல்ல பின்கட்டுலதான், அஞ்சாவது மாடிக்காரனும் ராத்திரி பனியில இறங்கித்தான் போகணும். 97 ஆர்ச்சர்ட்ல 1905 வாக்குலதான் மாடிக்கு ரெண்டு டாய்லெட் உள்ள வந்துச்சு, அதாவது ரெண்டு குடும்பத்துக்கு ஒண்ணு.

குளியல் தனிக் கதை. புதுசா கட்டின பல வீட்ல தொட்டி கிச்சன்லயே இருந்துச்சு, ஏன்னா சுடுதண்ணி அடுப்பும் தண்ணிக் குழாயும் அங்கதான். குளிக்காத நேரத்துல மேல ஒரு பலகை போட்டா அதுவே காய் நறுக்கற மேடை. அதுவும் இல்லாதவங்களுக்கு ஊரே பொதுக் குளியல் மண்டபம் கட்டிக் கொடுத்துச்சு, ரிவிங்டன் ஸ்ட்ரீட்ல 1901ல திறந்தாங்க.

கரண்ட், ஃப்ரிட்ஜ், கேஸ் சிலிண்டர் எதுவும் இல்லாம எப்படிக் குடும்பம் நடத்தினாங்க?

எடிசன் 1882லயே பேர்ல் ஸ்ட்ரீட்ல கரண்ட் ஸ்டேஷன் போட்டுட்டாரு, ஆனா அது முதல்ல ஆஃபீஸுக்கும் பணக்காரங்களுக்கும்தான். ஏழை வீட்ல நிலக்கரி அடுப்பு, வெளிச்சத்துக்கு மண்ணெண்ணெய் இல்லைன்னா கேஸ் விளக்கு. கேஸ் மீட்டர் வீட்டுக்குள்ளேயே இருக்கும், 25 சென்ட் நாணயம் போட்டாதான் கேஸ் வரும், சாப்பாட்டுக்கு நடுவுல தீந்து போனா இன்னொரு நாணயம் தேடணும். ப்ரீபெய்ட் ரீசார்ஜ் இன்னிக்கு நேத்து வந்ததுன்னு நெனச்சிருந்தேன் நான்.

ஃப்ரிட்ஜுக்கு பதிலா ஐஸ் பெட்டி. ஐஸ்காரர் பெரிய இடுக்கியில கட்டியை மாட்டி தோள்ல சாக்கு போட்டு அஞ்சு மாடி தூக்கிட்டு வருவாரு. உருகற தண்ணிக்கு அடியில ஒரு தட்டு, அதை கவுக்க மறந்தா தரை பூரா தண்ணி. 1900ல ஒரு பெரிய ஐஸ் கம்பெனி நூறு பவுண்டு ஐஸை 30 சென்ட்ல இருந்து 60க்கு ஏத்திடுச்சு, ஊர் கொதிச்சுப் போச்சு, கடைசியில பாத்தா மேயர் வான் விக் கைலேயே அந்தக் கம்பெனி ஷேர் இருக்கு! அவரோட அரசியல் அதோட காலி.

விலைவாசின்னா பொம்பளைங்க சும்மா இருக்கலை. 1902ல கோஷர் (யூத மத முறைப்படி வெட்டின) மாட்டுக்கறி பவுண்டு 12 சென்ட்ல இருந்து 18 ஆனதும் லோயர் ஈஸ்ட் சைட் யூதப் பெண்கள் தெருவுல இறங்கி கறிக்கடையைப் புறக்கணிச்சு, வாங்கினவங்க கைல இருந்த கறியைப் பிடுங்கித் தெருவுல வீசினாங்க.

கூரை மேல மரத்துல தண்ணி டேங்க் இருக்கே, சும்மா ஷோவுக்கா? இப்பவும் யூஸ் ஆகுதா?

ஷோ இல்லைங்க, அதுலதான் இன்னிக்கும் தண்ணி வருது. ஊர் தண்ணிக் குழாயோட பிரஷர் சுமார் ஆறு மாடி வரைக்கும்தான் ஏறும். அதுக்கு மேல கட்டினா கீழ இருந்து பம்ப் பண்ணி மேல தேக்கி வெச்சு, அப்புறம் தானா இறங்க விடணும். மரம் ஏன்னா, சும்மா பலகைகளை நிறுத்தி இரும்பு வளையத்தால இறுக்குவாங்க, பசை கிடையாது பெயிண்ட் கிடையாது, தண்ணி ஊறினதும் மரம் உப்பி தானே அடைச்சுக்கும். முதல் நாள் கண்டபடி ஒழுகும், அப்புறம் நின்னுடும். குளிர்லயும் சீக்கிரம் உறையாது. அடியில ஒரு பங்கு தண்ணி தீயணைக்கறதுக்குன்னே ஒதுக்கி இருக்கும்.

இரும்புப் படிக்கட்டை ஏன் கட்டடத்தோட முகத்துலேயே மாட்டி அசிங்கம் பண்ணிருக்காங்க?

வேற எங்க மாட்டறது? பக்கச்சுவர் ரெண்டும் ஒட்டி இருக்குன்னு ரெண்டாவது பதில்லயே சொன்னேன்ல. 1867 சட்டம் ஃபயர் எஸ்கேப் வேணும்னு சொல்லுச்சு, முன்பக்கமும் பின்பக்கமும்தான் இடம். எனக்கு அது அசிங்கமாத் தெரியல, அந்தத் தெருவுக்கே அதுதான் அழகு, ஆனா அதை விடுங்க.

படுக்கை காயப் போட, ஐஸ் இல்லாதப்போ பால் வெக்க, பூந்தொட்டி வெக்கன்னு அது ஒரு எக்ஸ்ட்ரா ரூம் ஆயிடுச்சு. பொருள் வெக்கக் கூடாதுன்னு சட்டம், யாரு கேட்டா. கோடையில உள்ள இருந்தா வெந்துடும், அதனால குடும்பத்தோட அங்கேயும் மொட்டை மாடியிலயும் பாயைப் போட்டுத் தூங்குவாங்க, தூக்கத்துல உருண்டு விழுந்து செத்தவங்களும் உண்டு.

எல்லாரும் என்ன வேலை பாத்தாங்க? தெரு எப்படி இருக்கும்?

பெரும்பாலும் தையல். ரெடிமேட் துணி வியாபாரம்தான் அந்த ஏரியாவோட உயிர். வெட்டின துணியை மூட்டையா வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து வெளிச்சம் உள்ள அந்த ஒரே முன் ரூம்ல மெஷின் போட்டுத் தைப்பாங்க, பிள்ளைங்க நூல் பிரிக்கும், பட்டன் வெக்கும். இத்தாலிக்காரங்க வீட்ல காகிதப் பூ செய்வாங்க.

தெருவுல தள்ளுவண்டிதான் ராஜா. ஹெஸ்டர் ஸ்ட்ரீட்ல மீன், ஊறுகாய், கண்ணாடி, பழைய கோட்டு எல்லாம் வண்டியிலதான். பின்னாடி வந்த மேயர் லாகார்டியாவுக்கு இது பிடிக்கல, வண்டிங்களை ஓரம் கட்டி 1940ல எசெக்ஸ் ஸ்ட்ரீட்ல மார்க்கெட் கட்டி உள்ள தள்ளினாரு. குதிரைச் சாணிக் கேள்வியும் வரும்: ஆமா, 1890கள் வரைக்கும் கணுக்கால் அளவுக்கு இருந்துச்சு, 1895ல வாரிங்னு ஒரு கமிஷனர் வந்து துப்புரவு ஆளுங்களுக்கு வெள்ளை யூனிஃபார்ம் போட்டு ஊரையே கூட்டிப் பெருக்கினாரு. ஆனா குதிரை இழுக்கற டிராம் கடைசியா ஓடினது 1917ல. மேல விமானம் பறக்க ஆரம்பிச்ச அப்புறமும் கீழ குதிரை!

ரோட்டுல மேன்ஹோல்ல இருந்து புகை வருதே, எரியுதா?

இல்ல. 1882ல இருந்து தெருவுக்கு அடியில பைப்புல நீராவி விக்கறாங்க, பெரிய கட்டடங்களைச் சூடு பண்ண. பல சமயம் மழைத்தண்ணி அந்தச் சூட்டு பைப்புல பட்டுத்தான் ஆவி வருது.

சப்வே அப்பவே இருந்துச்சா? ஏழைங்க ஏற முடியுமா?

1904 அக்டோபர் 27. சிட்டி ஹால்ல இருந்து 145வது தெரு வரைக்கும் 28 ஸ்டேஷன். முதல் ரயிலை மேயர் மெக்லெல்லன் சும்மா கிளப்பி விட்டுட்டு டிரைவர்கிட்ட கொடுக்கணும்னு ஏற்பாடு, மனுஷன் கைப்பிடியை விடவே இல்லை, 103வது தெரு வரைக்கும் அவரே ஓட்டிட்டுப் போனாரு. சாயங்காலம் ஜனத்துக்குத் திறந்ததும் அன்னிக்கு ராத்திரியே ஒரு லட்சத்துக்கு மேல ஏறினாங்க.

டிக்கெட் 5 சென்ட், எவ்ளோ தூரம் போனாலும். அந்த விலை 1948 வரைக்கும் மாறல. படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி ஸ்டேஷனுக்கு ஒரு படம் வெச்சாங்கன்னு சொல்வாங்க, ஆஸ்டர் பிளேஸ்ல இறங்கினா சுவத்துல பீவர்ங்கற நீர்நாய் மாதிரி ஒரு பிராணி மரத்தைக் கடிக்கற மாதிரி ஓடு இருக்கும், ஆஸ்டர் குடும்பம் பீவர் தோல் வித்துப் பணக்காரன் ஆச்சு, அதான்.

அப்போ மேல் மாடிதான் சீப்பாமே? இப்ப தலைகீழா இருக்கே?

படி ஏறணும்னா மேல போகப் போக வாடகை குறையும், அவ்ளோதான் விஷயம். நிலக்கரி, தண்ணி, ஐஸ், குழந்தை எல்லாத்தையும் தூக்கிட்டு ஏறறது யாரு? ஓட்டிஸ்னு ஒருத்தர் 1850கள்லயே கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்டைக் காட்டிட்டாரு, 1857ல பிராட்வே தெருவுல ஒரு கடையில ஆளுங்க ஏற லிஃப்டும் வெச்சாரு. லிஃப்ட் வந்த கட்டடத்துல மட்டும் மேல் மாடிக்கு மவுசு, டெனமென்ட்ல கடைசி வரைக்கும் ஏழைதான் உச்சியில.

அதே நேரம் பணக்காரங்க எப்படி இருந்தாங்க?

அன்சோனியா பத்தி மட்டும் சொல்றேன், அது போதும். 1904ல அப்பர் வெஸ்ட் சைடுல கட்டின பிரமாண்டமான அபார்ட்மென்ட் ஹோட்டல், லாபி நீரூற்றுல உயிரோட சீல் நீந்தும். ஓனர் ஸ்டோக்ஸ் மொட்டை மாடியில பண்ணையே வெச்சாரு, கோழி, ஆடு, மாடு, ஒரு குட்டிக் கரடி கூட. தினம் குடியிருக்கறவங்களுக்கு ஃப்ரெஷ் முட்டை. 1907ல சுகாதாரத் துறை வந்து மூடிட்டாங்க. ஒரே ஊரு, ஒரே வருஷங்கள், இங்க மனுஷனுக்கு ஜன்னல் இல்ல அங்க கோழிக்கு மொட்டை மாடி.

தீப்பிடிக்காத கட்டடம்னு சொன்னாங்களாம், அப்புறம் எப்படி 146 பேர் செத்தாங்க?

இது ட்ரையாங்கிள் கம்பெனி விஷயம். 1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியற நேரம். 10 மாடிக் கட்டடத்துல மேல் மூணு மாடியில பிளவுஸ் தைக்கற ஃபேக்டரி. கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகல, அது உண்மைதான், இன்னிக்கும் வாஷிங்டன் ஸ்கொயர் பக்கம் அப்படியே நிக்குது, யூனிவர்சிட்டி யூஸ் பண்ணுது. எரிஞ்சது உள்ள இருந்த துணியும் ஆளுங்களும்.

ஒன்பதாவது மாடியில ஒரு பக்கக் கதவு பூட்டி இருந்துச்சு, பொண்ணுங்க போறப்போ பையைச் சோதிக்கணும்னு. மூணு படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டுதான், மூணாவதுக்கு பதிலா ஃபயர் எஸ்கேப்பைக் கணக்கு காட்டி இருந்தாங்க, அது கூட்டம் தாங்காம உடைஞ்சு விழுந்துச்சு. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடிக்கு மேல எட்டல. செத்ததுல 123 பேர் பெண்கள், நிறைய பேர் இருபது வயசு கூட ஆகாதவங்க. முதலாளிங்க பிளாங்க், ஹாரிஸ் ரெண்டு பேரும் விடுதலை ஆயிட்டாங்க, பின்னாடி வழக்கு போட்ட குடும்பங்களுக்கு உயிருக்கு 75 டாலர் கிடைச்சுது. 1913ல அதே பிளாங்க் வேற ஃபேக்டரியில கதவைப் பூட்டி மறுபடி மாட்டினாரு, அபராதம் 20 டாலர். வெளிய நின்னு பாத்தவங்கள்ல ஃபிரான்சஸ் பெர்கின்ஸும் ஒருத்தர், பின்னாடி தொழிலாளர் துறைக்கு மந்திரி ஆனாங்க. கதவு, படி, ஸ்பிரிங்க்ளர்னு நியூயார்க் ஃபேக்டரி சட்டம் மாறினது இதுக்கு அப்புறம்தான்.

சட்டம் போட்டும் டம்பெல் வீடு கெட்டுச்சுன்னா, அப்புறம் எதுதான் வேலை செஞ்சுது?

1901 சட்டம். இது ரூமுக்கு ஜன்னல்னு மட்டும் சொல்லாம, மனையில 70 சதவீதத்துக்கு மேல கட்டக் கூடாது, வீட்டுக்கு வீடு தண்ணியும் டாய்லெட்டும் வேணும், நடுவுல விடற இடம் நிஜமான முற்றம் மாதிரி இருக்கணும்னு அளவே போட்டுச்சு. 25 அடி மனையில இதைக் கட்டினா லாபம் நிக்காது, அதனால ரெண்டு மனையைச் சேத்து 40, 50 அடி அகலத்துல கட்ட ஆரம்பிச்சாங்க. தெருவுல அடையாளம் கண்டுபிடிக்க இதுதான் வழி: மாடிக்கு நாலு ஜன்னல், ஒல்லி உடம்புன்னா பழைய சட்டம். குண்டா இருந்தா பெரும்பாலும் புதுசு.

பழைய கட்டடத்தையும் சும்மா விடல, பின்கட்டு கழிப்பறையை எடுத்துட்டு உள்ள வை, இருட்டு ரூமோட உள்சுவத்துல ஜன்னல் வெட்டுன்னு உத்தரவு. வீட்டுக்குள்ள கிச்சனுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல ஜன்னல் இருக்கறதைப் பாத்து எல்லாரும் சிரிப்பாங்க, காரணம் இந்தச் சட்டம்தான். மோஷன்னு ஒரு வீட்டு ஓனரம்மா என் காசுல டாய்லெட் வெக்கச் சொல்ல நீ யாருன்னு கேஸ் போட்டாங்க, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1906ல தோத்தாங்க.

பெரிய கட்டடங்கள் மேல போகப் போக படி மாதிரி ஒடுங்குதே, அது டிசைனா?

மறுபடி அதே வெளிச்சச் சண்டைதான், இந்தத் தடவை பணக்காரன் ஏரியாவுல. 1915ல பிராட்வேல எக்விட்டபிள் கட்டடம் வந்துச்சு. ஒரு ஏக்கர் கூட இல்லாத மனையில, கிட்டத்தட்ட 40 மாடி, ஒரு இஞ்ச் கூட உள்ள தள்ளாம நேரா மேல, 12 லட்சம் சதுர அடி. எஃப்எஸ்ஐ கணக்குல (மனையைப் போல எத்தனை மடங்கு கட்டிருக்காங்கன்னு) சுமார் 30, நம்ம சென்னையில கட்டட அனுமதி கொடுக்கற சிஎம்டிஏ ஆளு கேட்டா மயக்கம் போட்டுடுவாரு. அதோட நிழல் ஏழு ஏக்கர் மூடுச்சு, பக்கத்துல ஆஃபீஸ் வாடகைக்கு விட்டவன் எல்லாம் அலறினான்.

அடுத்த வருஷமே, 1916ல, ஜோனிங் சட்டம். தெரு அகலத்துக்கு ஏத்த உசரம் வரைக்கும் நேரா கட்டலாம், அதுக்கு மேல பின்வாங்கிப் பின்வாங்கித்தான் போகணும், மனையில கால்வாசியில மட்டும் டவரை எவ்ளோ உசரத்துக்கு வேணாலும் கட்டிக்கோ. எம்பயர் ஸ்டேட்டோட உருவம் இந்தக் கணக்குல வந்ததுதான். வுல்வொர்த் கட்டடம் (792 அடி, 1930 வரைக்கும் உலகத்துலயே உசரம்) 1913லயே முடிஞ்சது, அதனால இந்தச் சட்டம் அதுக்குக் கிடையாது, அது ஒடுங்கறது அதை டிசைன் பண்ண ஆர்க்கிடெக்ட் கேஸ் கில்பர்ட்டோட சொந்த ரசனை. அஞ்சு பைசா பத்து பைசா கடை வெச்சு சம்பாதிச்ச ஃபிராங்க் வுல்வொர்த் 1.35 கோடி டாலரை ரொக்கமா கொடுத்துக் கட்டினாரு, லாபி மூலையில அவரு நாணயத்தை எண்ணிட்டு இருக்கற மாதிரி ஒரு குட்டிச் சிலை இருக்கு.

அப்போ ஜனம் ஜாஸ்தியா, இப்போ ஜாஸ்தியா? எல்லாரும் எங்க போனாங்க?

இதுக்கு எல்லாரும் தப்பாத்தான் சொல்வாங்க. மன்ஹாட்டன்ல 1910ல 23 லட்சம் பேர், 2020 சென்சஸ்ல 17 லட்சம் கூட இல்ல. அஞ்சு சென்ட் சப்வே நீண்டு போகப் போக குடும்பங்க நியூயார்க்கோட வேற பகுதிங்களான பிராங்க்ஸ், புரூக்ளின்னு கிளம்பிட்டாங்க, 1924 குடியேற்றச் சட்டம் வெளிநாட்டுல இருந்து புதுசா வர்றவங்களையும் வெட்டிடுச்சு.

97 ஆர்ச்சர்ட்லயும் அப்படித்தான் காலியாச்சு. 1935ல ரூல்ஸ் இன்னும் இறுகினப்போ, செலவு பண்ணி சரி பண்றதுக்கு பதிலா ஓனர் மாடியில இருந்தவங்களை காலி பண்ணச் சொல்லி பூட்டிட்டாரு, கீழ கடைங்க மட்டும் ஓடுச்சு. அம்பது வருஷத்துக்கு மேல மாடி அப்படியே கிடந்து, 1988ல மியூசியம் ஆரம்பிச்சவங்க ஏறிப் பாத்தப்போ சுவர்ல ஒண்ணு மேல ஒண்ணா வால்பேப்பர் அடுக்கு, ஒவ்வொரு குடும்பமும் பழசைக் கிழிக்காம மேலேயே ஒட்டிட்டுப் போயிருக்கு. போறதா இருந்தா டிக்கெட்டை முன்னாடியே போட்டுடுங்க, கைடோடதான் விடுவாங்க. முட்டி வலி உள்ளவங்க மாடி டூரான்னு கேட்டுட்டு எடுங்க, லிஃப்ட் கிடையாதுன்னு முதல் பதில்லயே சொல்லிட்டேன்.